அம்மன் சன்னதியில் ஒரு ரசமட்டம்

போன வெள்ளிக்கிழமை பார்த்த ஒரு காட்சியை இன்னும் மனசுக்குள் வைத்திருக்க முடியவில்லை. பால்காரரிடம் சொல்லிவிட்டேன். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். தங்கைக்குப் போன் போட்டால், "நேத்தே சொல்லிட்ட, வை" என்கிறாள். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

ஒரு கோயில் சன்னதிக்குள் ரசமட்டம் போனதை என் கண்ணால் பார்த்தேன். கொத்தனார்கள் கையில் பார்த்திருப்பீர்களே... நீளமான பட்டை, நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு காற்றுக் குமிழி. தளம் சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். அதேதான். கொண்டுவந்தவள் சாமி கும்பிடாத ஒரு பெண். சரி, அதை உள்ளே வாங்கி வைத்தது யார் தெரியுமா? பூசாரி.

பொறுங்கள். முதலில் என் பாத்ரூமிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முகம் சுளிக்காதீர்கள், எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பெருமாள்மலையில் என் வீட்டு பாத்ரூமுக்குப் போன வருஷம் புது டைல்ஸ் போட்டோம். போட்ட நாளிலிருந்து ஒரே தொல்லை. குளித்த தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்து தேங்கும். துடைப்பத்தால் தள்ளித் தள்ளி எனக்கு இடுப்பு வலியே வந்துவிட்டது. கடைசியில் கயல் வந்தாள். திண்டுக்கல் பெண். சிவில் என்ஜினியர். கொடைக்கானலில் வீடு கட்டித்தரும் ஒருவரிடம் சைட் பார்க்கிறாள். தோள்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள், அவ்வளவுதான்.

"வாட்டமே தப்பு மேடம். ஓட்டைப் பக்கம் சரிய வேண்டிய தரை கதவுப் பக்கம் சரிஞ்சிருக்கு."

"பார்த்தா சமமாத்தானேம்மா தெரியுது?"

"கண்ணு நமக்குத் தோதா காட்டும் மேடம். குமிழி அப்படிக் காட்டாது."

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு ஆட்களைப் பிடித்துப்போனால் உடனே காபி போட ஆரம்பித்துவிடுவேன். காபி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சிவா பூண்டோடு வந்தான். மேல்மலையில் ஓர் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கு வருஷத்துக்கு வரும் மலைப்பூண்டு நின்றுவிடும். அங்கே பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். அப்பா இல்லை. அம்மா பாக்கியமும் இவனும்தான் எல்லாம். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறான்.

வந்தவனுக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்தேன். நான் செய்த தப்பு இவ்வளவுதான். பாத்ரூம் வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. ஆனால் அதன் பிறகும் என் வீட்டுக்குப் பூண்டு வந்துகொண்டே இருந்தது. வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்ஜினியரும் வந்துகொண்டே இருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தபோதாவது எனக்குப் புத்தி வேலை செய்திருக்க வேண்டாமா? செய்யவில்லை.

கல்யாணப் பேச்சு எழுந்ததும் பாக்கியம் என்னைத்தான் பிடித்தார். "உங்க வீட்டு பாத்ரூம்லதான்க்கா எல்லாம் மொளைச்சது. இப்ப நீங்களே சொல்லுங்க, நல்ல புள்ளைதான?"

"தங்கமான பிள்ளை பாக்கியம்."

"அவுங்க வீட்டுல சாமி படங்கூட இல்லையாமே?"

உண்மைதான். கயலின் அப்பா பகுத்தறிவு பேசுகிறவர். பெண்ணும் அப்படியே. கோயிலுக்கு வருவாள், கோபுரத்தை அண்ணாந்து பார்த்து யார் கட்டியது, எப்படிக் கல்லை ஏற்றினார்கள் என்று கேட்பாள், கும்பிட மாட்டாள். பாக்கியம் அதையும் விழுங்கிக்கொண்டார். "கும்பிடாட்டி போகுது, கும்பிடுறவளை ஏசாம இருந்தாச் சரி" என்றார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நின்றார். பூக் கேட்க வேண்டும்.

அந்த ஊரில் எதைத் தொடங்கினாலும் அம்மனிடம் பூக் கேட்பார்கள். அம்மனின் சின்ன உற்சவர் சிலையை மண்டபத்துக் கல்பீடத்தில் எழுந்தருளச் செய்து, கிரீடத்தின் உச்சியில் நனைந்த செவ்வந்திப் பூ ஒன்றை வைப்பார் பூசாரி. கேள்வியைச் சொல்லிவிட்டு எல்லாரும் காத்திருக்க வேண்டும். பூ அம்மனின் வலது கைப் பக்கம் விழுந்தால் உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் வேண்டாம். ஒரே தடவைதான், திரும்பக் கேட்கக் கூடாது. அப்பீல் கிடையாது.

அதற்கும் கயல் சரி என்றாள். "அத்தை மனசு நெறையணும்ல மேடம். பூ எங்க விழுந்தா எனக்கென்ன?"

விழுந்தது. இடது பக்கம்.

அன்று மத்தியானம் பாக்கியம் போனில் அழுத அழுகையை என்னால் கேட்க முடியவில்லை. "ஆத்தா வேணாம்னுட்டாக்கா. நான் ஆசையா நகையெல்லாம் எடுத்து வச்சிருந்தேனே. எம்மகன் சோறு திங்காம கெடக்கான்." பிடிக்காத மருமகள் என்றால் பூவைச் சாக்கு வைத்துத் தட்டிக்கழித்தார் என்று திட்டலாம். பிடித்த மருமகளை விட்டுக்கொடுத்துவிட்டு அழுகிறவரை என்னவென்று திட்டுவது?

அழுகை கொஞ்சம் அடங்கியதும் குரல் மாறியது. "அந்தப் புள்ளை என்ன சொல்லுதுங்கிறீக? திரும்பி வாரப்ப வண்டியில வச்சு எம்மகன்கிட்டக் கேக்குது... 'இந்தப் பூ எப்பவாச்சும் வலது பக்கம் விழுந்து பாத்திருக்கீங்களா'ன்னு."

"சிவா என்ன சொன்னான்?"

"கும்பாபிஷேகத்துக்கு முந்தி விழுந்திருக்கு. அதுக்கப்புறம் விழலைன்னான்."

யோசித்துப் பாருங்கள்... கும்பாபிஷேகம் முடிந்ததிலிருந்து அந்த ஊருக்குக் கிடைத்த பதில் எல்லாமே 'வேண்டாம்'. திருவிழாவுக்குக் கச்சேரி வைக்கலாமா? வேண்டாம். புது போர்வெல்? வேண்டாம். ஒருத்தர் மகன் துபாய் போகலாமா? வேண்டாம், போகவில்லை. அவன் இப்போது கொடைக்கானல் ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறான். ஒரு ஊரே வாயைத் திறக்காமல் அத்தனை 'வேண்டாம்'களையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் பீடத்துல ரசமட்டம் வச்சுப் பாக்கணுமாம்க்கா. சாமியவே சோதிக்கணுங்குது. ஊருல கேட்டா என்ன ஆகும்? நீங்க வெள்ளனே வந்து அதுக்குப் புத்தி சொல்லுங்க."

புத்தி சொல்லத்தான் கிளம்பினேன். சத்தியமாக. சிவா பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்தான், கயல் நடுவில், நான் ஜன்னல் ஓரம். ஐப்பசி மழை. கொடைக்கானல் தாண்டி மேலே ஏற ஏற மூட்டம், லைட் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சிவா முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"கயல், நம்பிக்கைங்கிறது கண்ணாடிப் பாத்திரம் மாதிரிம்மா. தட்டிப் பார்க்கக் கூடாது."

"ஏன் மேடம்? மண்பானையே தட்டிப் பார்த்துத்தான வாங்குறோம்?"

"அது பானை, இது சாமி."

"நான் சாமியத் தட்டலை மேடம். பீடத்தைத்தான் தட்டுறேன். பீடத்தைப் போட்டது கொத்தனாரு."

உண்மையைச் சொன்னால், எனக்கே உள்ளே பரபரவென்று இருந்தது. நான் ஒன்றும் பெரிய பக்தை இல்லை. நாத்திகமும் இல்லை. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் வரும் நாளில் மட்டும் பிள்ளையாரைத் தேடுகிற ரகம். ஆனாலும் இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு 'சாமியிடம் எதிர்க்கேள்வி கேட்காதே' என்று ஒரு பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? இந்தப் பழனி மலைக்கே பேர் கொடுத்த சாமி யார்? ஒரு பழத்துக்கு நடந்த போட்டியில் தீர்ப்பு சரியில்லை என்று சொந்த அப்பா அம்மாவிடமே சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கிறவர். அவரைப் பார்க்கப் படியேறுகிற ஜனங்கள் மட்டும் சும்மாவா ஏறுகிறார்கள்? 'உனக்குக் கண்ணில்லையா முருகா' என்று பாதி வழியெல்லாம் திட்டிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். திட்டுவதற்கு இடம் கொடுக்கிற சாமி, அளந்து பார்ப்பதற்கா கோபித்துக்கொள்ளப் போகிறது?

இதையெல்லாம் மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தபோதே ஊர் வந்துவிட்டது.

விஷயம் எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. கோயில் வாசலில் சால்வையும் குல்லாவுமாக நல்ல கூட்டம். பாக்கியம் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "சொன்னீகளாக்கா?" நான் தலையை ஒரு தினுசாக ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஊர்த்தலைவர்தான் முதலில் பேசினார். நல்ல மனிதர், ஆனால் அன்று கடுகடுவென்று இருந்தார். "ஏலே சிவா, என்ன சோலி இது? நாளைக்கு ஆளாளுக்கு ஒரு மெசினைத் தூக்கிட்டு வந்து அம்மனை அளப்பீகளா?"

சிவா தலையைக் குனிந்துகொண்டான். கயல் முன்னால் வந்தாள். "நான்தாங்க கேட்டேன். அவரை ஏசாதீங்க."

"நீ நம்பாத புள்ளை. உனக்கு இங்க என்ன கேள்வி?"

"நம்பாதவதாங்க. ஆனா நீங்க நம்புறதுனால என் கல்யாணம் நிக்குது. அதான் கேக்குறேன்."

கூட்டத்தில் சளசளப்பு. தலைவர் விடவில்லை. "சரி, கேட்டுக்க. போன வருசம் ரிசார்ட்டுக்காரன் வந்து மேக்காட்டை மொத்தமா விலைக்குக் கேட்டான். பாதி ஊரு சரின்னுருச்சு. பூப் போட்டோம், ஆத்தா வேணாம்னா. இன்னைக்கு நம்ம காடு நம்மகிட்ட இருக்கு. இப்ப நீ பீடம் கோணல்னு சொன்னா, அன்னைக்கு வேணாம்னது யாரு? கிரானைட்டுக் கல்லா?"

சபாஷ் என்று எனக்குக் கத்தத் தோன்றியது. நல்ல கேள்வி இல்லையா? ஒரு கல்லை உருவினால் மொத்தச் சுவரும் வந்துவிடுமோ என்கிற பயம். நம்பிக்கை உள்ளவர்கள் கேள்விக்குக் கதவடைப்பது திமிரால் என்று நாம் நினைக்கிறோம். பாதி நேரம் இந்தப் பயம்தான். எல்லாரும் கயலைப் பார்த்தார்கள்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அவள். "ரசமட்டம் அதைச் சொல்லாது. பீடம் சமமா இருக்கா இல்லையான்னு மட்டுந்தான் சொல்லும்."

இந்தப் பதிலுக்காகவே அவளுக்கு இன்னொரு காபி போட்டுத் தரலாம் என்று நினைத்தேன். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது அவ்வளவு என்று அந்த இடத்தில் நின்று சொல்லத் தைரியம் வேண்டும். சாமி கும்பிடாதவர்களில் எத்தனை பேருக்கு அது வரும்? பீடத்தை அளக்க வந்துவிட்டு வானத்தையே அளந்து முடித்ததுபோல் பேசுகிறவர்களைத்தானே நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் பூசாரி சின்னச்சாமி மண்டபத்திலிருந்து இறங்கி வந்தார். நடுவயசு. கோயில் வேலை காலையிலும் சாயங்காலமும், மத்த நேரம் அவரும் பூண்டுக் காட்டில்தான் கிடப்பார். அதிர்ந்து பேசாத ஆள். வந்தவர் கயலிடம் கேட்டார், "தாயி, அதை வச்சா என்ன தெரியும்? எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு."

அவள் சொன்னாள். குமிழி எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் மேடு, எதிர்ப்பக்கம் பள்ளம். பீடம் சரிந்திருந்தால் சிலையும் சரிந்துதான் நிற்கும். கிரீடம் வழுவழுப்பு, பூ நனைந்த பூ. பள்ளத்துப் பக்கம்தான் விழும்.

பூசாரி கையை நீட்டினார். "குடு, நானே வைக்கிறேன்."

"சின்னச்சாமி, யோசிச்சுக்க," என்றார் தலைவர்.

"யோசிச்சு யோசிச்சுத்தான் அண்ணே நான் தூக்கமில்லாமக் கெடக்கேன்." சொல்லிவிட்டு அவர் குழாயடியில் ரசமட்டத்தைக் கழுவினார், துண்டால் துடைத்தார், உள்ளே கொண்டுபோனார். உற்சவரை இரண்டு கையாலும் எடுத்துப் பக்கத்துப் பலகையில் அலுங்காமல் வைத்தார். காலியான பீடத்தில் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்துவிட்டுக் குனிந்தார். மழைச் சத்தம் மட்டும்தான்.

"குமிழி எங்க நிக்குது மாமா?" வெளியிலிருந்து கயல்.

"ஆத்தாளுக்கு வலது கைப் பக்கம். ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்குது."

கூட்டத்தில் யாரோ ஒருவர், "வலதுன்னா உத்தரவுதான?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, பாக்கியத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"வலது பக்கம் மேடு. அப்ப இடது பக்கம் பள்ளம்," என்றாள் கயல். "யாரோ வாட்டம் குடுத்துப் போட்டிருக்காங்க மாமா. தண்ணி வடியுறதுக்காக வேணும்னே சரிச்சிருக்காங்க."

பூசாரி அப்படியே பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "யாரோ இல்ல தாயி. நாந்தான் போடச் சொன்னேன்."

விஷயம் இதுதான். பழைய பீடம் கரடுமுரடாக இருக்குமாம். அபிஷேகம் பண்ணினால் பாலும் தண்ணீரும் அம்மன் காலடியிலேயே தேங்கி, குளிர்காலத்தில் வழுக்குமாம். கும்பாபிஷேகத்துக்குப் புதுக் கிரானைட் போட்டபோது இவர் கொத்தனாரிடம் கெஞ்சியிருக்கிறார். 'ஆத்தா ஈரத்துல நிக்கக் கூடாது, ஒரு சொட்டு நிக்காம வடியணும்.' கொத்தனாரும் பக்தியோடு நல்ல வாட்டமாகக் கொடுத்துவிட்டார், அபிஷேகத் தண்ணீர் வெளியேறும் கோமுகி இருக்கும் இடது பக்கமாக. என் பாத்ரூம் கொத்தனாருக்கு வராத வாட்டம் அந்த மனிதருக்கு வந்திருக்கிறது. அதே பீடத்தில் நிற்க வைத்துத்தான் பூவும் கேட்கிறோம் என்பது பூசாரிக்கும் தோன்றவில்லை, கொத்தனாருக்கும் தோன்றவில்லை. பக்தியில் செய்த காரியம், ஒரு ஊரின் வாயையே அடைத்துவிட்டது.

பூசாரி அழுதார். வெட்கப்படாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "எதைக் கேட்டாலும் வேணாம் வேணாம்னா. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன், ஆத்தாளுக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன். எம்பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. செவ்வாயும் வெள்ளியும் பச்சைத்தண்ணி குடிக்காமக் கெடந்தேன். பூசைய வேற ஆளுகிட்டக் குடுத்துருவோம்னு இருந்தேன்... எம்மேல கோவமில்ல. வாட்டந்தான்." கடைசி இரண்டு வரியையும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்குத்தான் வராது? கேள்வி கேட்டால் நம்பிக்கை உடைந்துவிடும் என்று நாம் எல்லாரும் பாதுகாத்துக்கொண்டிருந்தோம். யாரும் கேட்காததால் அந்த ஊரிலேயே அதிகமாக நம்பிய மனிதர்தான் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தார். அவரைத் தூக்கி நிறுத்த நம்பாத ஒரு பெண் வர வேண்டியிருந்தது.

தலைவர் மட்டும் மெல்ல, "அப்ப அந்த ரிசார்ட்டு?" என்றார்.

பூசாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் காட்டை விக்காதது நல்லதுதான அண்ணே? நல்லதுன்னா ஆத்தா கல்லு மூலமாச் சொன்னான்னு வச்சுக்க. வெசனப்படாத," என்றார். கயல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

பிறகு எல்லாரும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள். ஒரு மணைப்பலகை வந்தது. அதன் அடியில் சின்னச் சின்ன மரச்சில்லாகச் செருகி, குமிழி நடுவுக்கு வரும்வரை விடவில்லை. முதலில் மிரட்டிய தலைவர்தான் முட்டி போட்டுக்கொண்டு, "இன்னும் ஒரு நூல் ஏத்து, ஏத்து... போதும், நிறுத்து" என்று வேலை வாங்கினார். குமிழி நடுவில் வந்து நின்றபோது ஒரு கிழவனார் குலவை போடச் சொன்னார், யாரோ போட்டும் விட்டார்கள். உற்சவரைத் திரும்ப எழுந்தருளச் செய்தார்கள்.

"கோணப் பீடத்துல கேட்டது கணக்கில்ல. இப்பக் கல்யாணத்துக்குப் பூப் போடுவமா?" என்றார் தலைவர்.

"இருங்க," என்று கையை உயர்த்தினார் பாக்கியம். நேராகக் கயலிடம் வந்தார். "நீ எங்க சாமிய அளந்து பாத்துட்ட. இப்ப நான் உன்னை அளக்கணும். பீடம் நேராயிருச்சு. இப்பவும் இடது பக்கம் விழுந்துச்சுன்னா என்ன சொல்லுவ? ஒத்துக்கிருவியா, இல்ல இன்னொரு மெசினைத் தூக்கிட்டு வருவியா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை! சந்தேகப்படுகிறவர்களையும் யாராவது சந்தேகப்பட வேண்டாமா? கேள்வி ஒருவழிப்பாதையாக இருந்தால் அதுவும் ஒரு வாட்டம்தானே.

கயல் சிவாவைப் பார்த்தாள். அம்மனைப் பார்த்தாள். "தெரியல அத்தை," என்றாள். "வலது பக்கம் விழுந்தாலும் அம்மன் சொன்னதா என்னால நம்ப முடியாது. இடது பக்கம் விழுந்தா... இன்னைக்கு எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஏன் பயமா இருக்குன்னும் தெரியல."

பாக்கியம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசாரி செவ்வந்திப் பூ ஒன்றைத் தண்ணீரில் நனைத்து அம்மன் உச்சியில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். எல்லாரும் கல்யாணத்தைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"ஆத்தா, இந்தப் புள்ளை உன்னைய நம்பாமக் கேள்வி கேட்டுச்சு. நாங்களும் வச்சுப் பாத்துட்டோம். அதுல உனக்குக் கோவமா? கோவமில்லைன்னா வலது பக்கம் குடு."

பூ அசையவில்லை. ஊதுவத்திப் புகை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சிவா கண்ணை மூடிக்கொண்டான். பாக்கியத்தின் நகம் என் கையில் பதிந்துவிட்டது. பகுத்தறிவுக் குடும்பத்துப் பெண் மூச்சையே விடவில்லை, நான் பார்த்தேன். கிரீடத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வடிந்தது. பூ லேசாகத் தலை சாய்ந்தது... அம்மனின் வலது கைப் பக்கம் வந்து விழுந்தது.

நான் கத்திவிட்டேன். கோயிலுக்குள் கத்தக் கூடாது என்று தெரியும், ஆனாலும் கத்திவிட்டேன். நல்லவேளை, எல்லாரும் கத்தினார்கள்.

"அடுத்த பூவை எடு சின்னச்சாமி, கல்யாணத்தைக் கேட்டுருவோம், வெரசா," என்றார் தலைவர்.

"வேணாம்," என்றார் பாக்கியம். கீழே கிடந்த பூவை எடுத்துக் கயலின் தலையில் செருகினார். "கேள்வி கேட்டவ மேல ஆத்தாளுக்கே கோவமில்ல. மாமியா நான் யாரு? தையில வச்சுக்குவோம்."

கயல் பூவை எடுத்துப்போடவில்லை. வண்டியில் திரும்பி வரும்போதும் அது தலையில்தான் இருந்தது. "நம்புறியா?" என்று சீண்டினேன். "இல்ல மேடம். ஆனா பூ நல்லா இருக்கு," என்றாள். சிவா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நகைக்கடையில் பழைய வளையலைக் கொடுத்தால் உரசித்தானே பார்க்கிறார்கள்? 'என் வளையலை எப்படி உரசலாம்' என்று யாராவது சண்டைக்குப் போகிறோமா? கவரிங் கொண்டுபோனவருக்குத்தான் அந்தப் பதற்றம் இருக்கும். தங்கம் வைத்திருப்பவர்கள் தைரியமாக உரசக் கொடுக்கலாம். கொஞ்சம் தேயும்தான். தேய்ந்த பிறகு அது தங்கம் என்பதில் நமக்கே சந்தேகம் இருக்காது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து அனுப்பத்தான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை கயலிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது.

அன்றைக்கு ரசமட்டத்தைக் கோயிலிலேயே வைத்துக்கொள்வதாகப் பூசாரி கேட்டு வாங்கியிருந்தார். இனிமேல் பூக் கேட்கும் முன்பு பீடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்களாம். நல்ல ஏற்பாடுதான். போட்டோவில் அம்மன் பக்கத்திலேயே அதற்கும் ஓர் இடம். பளபளவென்று துடைத்து, இரண்டு முனையிலும் மஞ்சள் தடவி, செவ்வந்திச் சரம் சுற்றி... நடுவில், சரியாக அந்தக் கண்ணாடிக் குழாய் மேலேயே, பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு.

கீழே கயல் எழுதியிருந்தாள்: "மேடம், குமிழி தெரியல."

சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அப்புறம் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. நம்முடைய பழைய பழக்கம் இதுதானே? கேள்வி கேட்டவரை முதலில் விரட்டுவோம். விரட்ட முடியவில்லை என்றால் மாலை போட்டுக் கும்பிட்டுவிடுவோம். இரண்டிலும் கேள்வி காணாமல் போய்விடும்.

பொறுக்க முடியாமல் பாக்கியத்துக்குப் போன் போட்டேன். எப்படிச் சொல்வது, மனசு நோகுமோ என்று இழுத்து இழுத்து ஆரம்பித்தேன். அவர் முடிக்கவே விடவில்லை.

"அந்தப் பொட்டுத்தானக்கா? எனக்கும் போட்டோ அனுப்பிருந்துச்சு எம்மருமக. அப்பயே போய் முந்தானையால தொடச்சு, பொட்டை ஓரமா வச்சிட்டு வந்துட்டேன். குமிழிய மறைச்சா அப்புறம் ஆத்தா எப்படிக்கா பாப்பா?"